சாட்டிக் கிணறும் ஆடலோட்ட மின்னின் இருவகை வலுவும்

தீவகத்தின் பல ஊர்களிற் கிணற்று நீர் உவர்ப்புடையது. வேலணைத் தீவைச் சேர்ந்த சாட்டியிலோ கடற்கரையை அடுத்த மணற்பாங்கிலேயே நன்னீர் ஊறுகின்றது. மாரியிற் பெய்யும் மழைநீர் மணலினூடே இறங்கி, நிலத்தின் கீழுள்ள உவர்நீரின்மேல் மென்படையாய் மிதந்து நிற்பதே இதற்குக் காரணமாகும். அந்நீர் அயலூரவர்க்கும் குடிநீராய் உதவி வருகின்றது. முன்னாளில் அதனைத் துலாவும் பட்டையும் கொண்டு இறைத்தனர். இந்நாளில் மின்மோட்டார் இறைக்கின்றது.

துலா பழுதானால் ஊரிலுள்ள தச்சரே அதனைச் செப்பஞ் செய்துவிடுவார். மோட்டார் எரிந்துவிட்டாலோ குடங்கள் வரிசையிற் காத்திருக்கும். மோட்டார் எரிவதற்குரிய காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று கம்பியின் கடைமுனையில் மின்னழுத்தம் தாழ்ந்துவிடுதல். அழுத்தம் ஏன் தாழ்கின்றது என ஆராயப் புகுந்தால், மாணவர் பலர் சூத்திரமாக மனனஞ் செய்து பொருள் விளங்காது விட்டுவிடும் ஒரு விடயத்தை வந்தடைவோம். ஆடலோட்ட மின்சுற்றிற் செயல்வலு, மறிவலு என இருவகை வலு உண்டென்பதே அவ்விடயம். பொறியியலாளர் முன்னதை அக்ரிவ் பவர் என்றும் பின்னதை றியாக்ரிவ் பவர் என்றும் வழங்குவர். இவ்விரண்டின் இயல்பையும் சாட்டிக் கிணற்றை முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வாம்.

துலா தரும் விளக்கம்

துலாக் கிணற்றை நினைவிற் கொள்க. ஆடுகாலின்மேல் அச்சிலே துலா தாங்கி நிற்கின்றது. ஒரு முனையிற் கயிறும் பட்டையும், மறுமுனையிற் பாரம். வெறும் பட்டையைக் கிணற்றுள் இறக்கும்போது மறுமுனைப் பாரம் மேலெழுகின்றது. இறக்குபவர் செலவிட்ட சத்தி அப்பாரத்திற் சேமிக்கப்படுகின்றது. நீர் நிறைந்த பட்டை மேல்வரும்போது பாரம் கீழிறங்கி, தான் பெற்ற சத்தியைத் திருப்பித் தருகின்றது. ஒவ்வொரு முறையும் பாரம் கொண்டதுங் கொடுத்ததுஞ் சமமாகும். நாள் முழுவதும் இறைத்தபின்னும் பாரம் தொடங்கிய இடத்திலேயே நிற்கின்றது. வாய்க்காலில் ஓடிய நீரே கைவந்த பயன்.

எனினும், பாரம் ஏறியிறங்கியதால் ஒரு பயனும் இல்லையென்று அதனைக் கழற்றி எறிவார் உளரோ? அஃதின்றித் துலா இயங்காது. அதே வேளையில் அச்சும் ஆடுகாலும் நீரின் பாரத்தோடு அப்பாரத்தையும் சேர்த்தே தாங்கல் வேண்டும். பாரம் மிகையாயின் அச்சு தேயும், ஆடுகால் சாயும்.

இம்மூன்றையும் மனத்திருத்துக. நீரை உயர்த்திய வேலை செயல்வலுவுக்கு ஒப்பு. பாரம் வாங்கித் திருப்பிக் கொடுத்த சத்தியின் ஊசலாட்டம் மறிவலுவுக்கு ஒப்பு. அச்சு தாங்கிய முழுச்சுமை தோற்றவலுவுக்கு ஒப்பு. உவமை முற்றும் பொருந்துமென யாம் கூறோம். பொருந்தாத இடத்தைப் பின்னர்ச் சுட்டுவாம்.

ஓட்டம் பிந்துவது எவ்வாறு?

நேரோட்டத்தில் வலுவைக் கணித்தல் எளிது. அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்க வலு கிடைக்கும். ஆடலோட்டத்தில் அழுத்தமும் ஓட்டமும் கணந்தோறும் மாறுகின்றன. இலங்கையில் வீடுகட்கு வரும் மின்னின் மீடிறன் செக்கனுக்கு 50 சுற்று. அழுத்தம் 230 வோற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லிச் செக்கன் செல்லும். அதனுள் அழுத்தம் ஒருமுறை ஒரு திசையிலும் மறுமுறை எதிர்த்திசையிலும் எழுந்து விழுகின்றது.

சூடாக்கும் கம்பியில் அழுத்தம் எழும்போது ஓட்டமும் எழும். விழும்போது தானும் விழும். இரண்டும் ஒரே அவத்தையில் இயங்குவதால் அவற்றின் பெருக்கம் எக்கணத்திலும் எதிர்க்குறி பெறாது. சத்தி எப்போதும் வழங்குமிடத்திலிருந்து கம்பியை நோக்கியே செல்கின்றது.

மோட்டாரின் சுருளோ அவ்வியல்பினதன்று. அதிலே ஓட்டம் எழவேண்டுமாயின் முதலிற் காந்தப்புலம் எழுதல் வேண்டும். அப்புலத்தை எழுப்பச் சத்தி வேண்டும். ஓட்டம் தணியும்போது புலமும் தணிந்து, அச்சத்தி கம்பிவழியே திரும்புகின்றது. ஆகவே, தூய சுருளொன்றில் ஓட்டம் அழுத்தத்துக்குக் காற்சுற்று, அதாவது 90 பாகை, பிந்தும். அப்போது அழுத்தத்தையும் ஓட்டத்தையும் கணந்தோறும் பெருக்கிப் பார்த்தால், 5 மில்லிச் செக்கனுக்குப் பெருக்கம் நேர்க்குறி. அடுத்த 5 மில்லிச் செக்கனுக்கு எதிர்க்குறி. செக்கனுக்கு 100 முறை சுருள் கடன் வாங்குகின்றது. 100 முறை கடனைத் தீர்க்கின்றது. மொத்தத்திற் செலவு பூச்சியம்.

கொள்ளளவியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. பழைய நூல்கள் அதனை ஒடுக்கி என்னும். தொழிலாளர் கண்டென்சர் என்பர். அது மின்புலத்திற் சத்தியைச் சேமிப்பது. அதில் ஓட்டம் அழுத்தத்துக்கு 90 பாகை முந்தும். சுருள் வாங்கும் கணத்திற் கொள்ளளவி கொடுக்கும். சுருள் கொடுக்கும் கணத்திற் கொள்ளளவி வாங்கும். இவ்வொரு வாக்கியத்தை விளங்கிக்கொண்ட மாணவர்க்கு இப்பாடத்திற் பாதி விளங்கிற்று.

மூவகை வலுவும் செங்கோண முக்கோணமும்

மோட்டாரானது தூய தடையுமன்று; தூய சுருளுமன்று. நீரை உயர்த்தும் வேலையையும் செய்கின்றது, காந்தப்புலத்தையும் பேணுகின்றது. அதனால் அதன் ஓட்டம் அழுத்தத்துக்குப் பூச்சியத்துக்கும் 90 பாகைக்கும் இடைப்பட்ட ஒரு கோணத்தாற் பிந்தும். அதுவே அவத்தைக் கோணம். அவ்வோட்டத்தை இரு கூறாக்கலாம். அழுத்தத்தோடு ஒத்தியங்கும் கூறு ஒன்று. அதற்குச் செங்கோணமாய் நிற்கும் கூறு மற்றொன்று. பின்வரும் மூன்று சமன்பாடுகளும் இதிலிருந்து பிறப்பன. இவற்றுள் அழுத்தம், ஓட்டம் என்பன வர்க்க இடை மூலப் பெறுமானங்கள் என்க.

செயல்வலு = அழுத்தம் × ஓட்டம் × அவத்தைக் கோணத்தின் கோசைன். அலகு வாற்று.

மறிவலு = அழுத்தம் × ஓட்டம் × அவத்தைக் கோணத்தின் சைன். அலகு வார்.

தோற்றவலு = அழுத்தம் × ஓட்டம். அலகு வோற்று-அம்பியர்.

செயல்வலுவை அடியாகவும் மறிவலுவை நிறுதியாகவும் கொண்டு செங்கோண முக்கோணம் வரைந்தால், அதன் செம்பக்கம் தோற்றவலுவாகும். எனவே தோற்றவலுவின் வர்க்கம் மற்றை இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். செயல்வலுவைத் தோற்றவலுவால் வகுக்க வருவது வலுக்காரணி.

வார் என்னும் அலகை உருமேனிய நாட்டுப் பொறியியலாளர் கொன்ஸ்தாந்தின் புதேயனு முன்மொழிய, அனைத்துலக மின்தொழினுட்ப ஆணைக்குழு 1930இல் ஸ்ரொக்ஹோமில் அதனை ஏற்றுக்கொண்டது. ஆடலோட்டக் கணிதத்தைச் சிக்கலெண்களால் எளிதாக்கிய பெருமை சாள்ஸ் ஸ்ரைன்மெற்சுக்கு உரியது. அவர் 1893இற் சிக்காகோவில் நிகழ்ந்த மின்னியற் பேரவையில் அம்முறையை எடுத்துரைத்தார். செயல்வலு மெய்யெண்ணாகவும் மறிவலு கற்பனையெண்ணாகவும் ஏட்டில் எழுதப்படுதல் அம்முறையாலேயாம். கற்பனையெண் என்ற பெயரைக் கண்டு மறிவலுவும் கற்பனையே என மாணவர் மயங்குவதுண்டு. மறிவலுவுக்குரிய ஓட்டமும் மெய்யான ஓட்டமே. அது கம்பியை மெய்யாகவே சூடாக்கும்.

கிணற்றடிக் கணக்கு

கணக்கின் எளிமைக்காக ஒரு நிலைமையைக் கற்பித்துக் கொள்வோம். கிணற்றடியில் இரு மோட்டார்கள் ஒருங்கே இயங்குகின்றன. இரண்டும் சேர்ந்து 4 கிலோவாற்றுச் செயல்வலுவையும் 3 கிலோவார் மறிவலுவையும் பெறுகின்றன. நான்கின் வர்க்கம் 16; மூன்றின் வர்க்கம் 9; கூட்டினால் 25. ஆகவே தோற்றவலு 5 கிலோவோற்று-அம்பியர்; வலுக்காரணி 0.8. அழுத்தம் 230 வோற்றாயின் ஓட்டம் 5000ஐ 230ஆல் வகுக்க வரும் 21.7 அம்பியர். மறிவலு வெளியிலிருந்து வரவேண்டாத நிலையாயின் 4000ஐ 230ஆல் வகுக்க 17.4 அம்பியரே போதும்.

மின்கம்பத்திலிருந்து கிணற்றடி வரை கம்பி நீண்டது. போகவும் வரவுமாகிய இரு கம்பிகளின் தடை 0.5 ஓம் எனவும், தூண்டற்றடை 0.3 ஓம் எனவும் கொள்க. கம்பியில் வெப்பமாய் வீணாகும் வலு, ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்க வருவது. 21.7 அம்பியருக்கு அது 236 வாற்று, 17.4 அம்பியருக்கு 151 வாற்று. அதாவது மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட வீண்செலவு மறிவலுவைச் சுமந்து வந்ததால் நேர்ந்தது. மறிவலு தன்னளவிற் செலவாவதில்லை. அதனைச் சுமந்து வரும் வழியிலேதான் செலவு நேர்கின்றது.

அழுத்த வீழ்ச்சியை அறியப் பின்வரும் அண்ணளவு முறை உதவும். செயல்வலுவைத் தடையாலும் மறிவலுவைத் தூண்டற்றடையாலும் பெருக்கி, இரண்டையும் கூட்டி, அழுத்தத்தால் வகுத்தல் வேண்டும். 4000ஐ 0.5ஆற் பெருக்க 2000, 3000ஐ 0.3ஆற் பெருக்க 900; கூட்டி 230ஆல் வகுக்க 12.6 வோற்று. மறிவலு கம்பிவழியே வராதாயின் 8.7 வோற்று. வித்தியாசம் சிறிதெனத் தோன்றலாம். ஆனால் மோட்டார் தொடங்கும் கணத்தை எண்ணுக. அப்போது ஓட்டம் பலமடங்காய்ப் பெருகும். அதன் பெரும்பகுதி காந்தப்புலம் எழுப்பும் ஓட்டமே. இரு மோட்டார்களையும் ஒருங்கே தொடக்கி, ஓட்டம் ஐந்து மடங்காகி, வலுக்காரணி 0.3 அளவில் நின்றதெனக் கொண்டால், தடையால் 16 வோற்றும் தூண்டற்றடையால் 31 வோற்றும் விழும். மொத்தம் ஏறத்தாழ 47 வோற்று. மோட்டாருக்குக் கிடைப்பது 183 வோற்று மாத்திரமே.

தூண்டல் மோட்டாரின் தொடக்க முறுக்கம் அழுத்தத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. 183 வோற்றில் அது முழுமுறுக்கத்தின் மூன்றில் இரு பங்குக்கும் குறைவு. சுற்றவேண்டிய மோட்டார் சுற்றாது முனகிக்கொண்டு நிற்கும். பேரோட்டம் சுருளிற் பாய்ந்தவண்ணம் இருக்கும். காவற்பொறி இல்லையாயின் சிறிது நேரத்திற் காவலுறை கருகும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரும் அழுத்தந் தாழ்ந்தால் அதே சுமையை இழுப்பதற்குக் கூடிய ஓட்டத்தைப் பெற்றுச் சூடேறும். மோட்டார் கெட்டது என்று கடைக்காரரை நோவதற்கு முன், கம்பியின் கடைமுனை அழுத்தத்தை அளந்து பார்த்தல் அறிவுடைமையாகும். இரு மோட்டார்களை ஒருங்கே தொடக்காது ஒன்றன்பின் ஒன்றாகத் தொடக்குதல் செலவில்லாத பரிகாரம்.

அண்டையிலேயே கொடுத்தல்

இனி, முற்கூறிய வாக்கியத்தை நினைவு கூர்க. சுருள் வாங்கும் கணத்திற் கொள்ளளவி கொடுக்கும். ஆகவே மோட்டாரின் அருகிலேயே தக்க கொள்ளளவியொன்றை இணைத்துவிட்டால், சத்தியின் ஊசலாட்டம் அவ்விரண்டுக்குமிடையிலேயே நிகழும். நெடுங்கம்பி செயல்வலுவை மாத்திரம் சுமக்கும். துலாவின் உவமை பொருந்தாத இடமும் இதுவே. துலாவின் பாரம் தான் வாங்கிய சத்தியை அக்கிணற்றடியிலேயே திருப்பித் தருகின்றது. மோட்டாரோ, கொள்ளளவி இல்லாதவிடத்து, அதனை நெடுந்தூரத்திலுள்ள பிறப்பாக்கிக்கு அனுப்பி மீளப் பெறுகின்றது. கொள்ளளவியை அண்டையில் வைத்தபின்னரே மோட்டார் துலாவைப் போலாகின்றது.

அவ்வாறு ஊசலாடும் சத்தி எவ்வளவு என்று கணித்தால் வியப்பு உண்டாகும். 3000 வாரைக் கோண மீடிறனாகிய 314ஆல் வகுக்க, எக்கணத்திலும் சேமிக்கப்படும் உச்சச் சத்தி ஏறத்தாழ 9.5 யூல். ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நீரை ஒரு மீற்றர் உயர்த்துவதற்கே அது மட்டுமட்டாய்ப் போதும். இத்துணைச் சிறு சத்தி செக்கனுக்கு 100 முறை போய் வருவதாலேயே கம்பியில் அவ்வளவு ஓட்டம் வேண்டியதாகின்றது. அதனை ஈடுசெய்யும் கொள்ளளவியின் அளவு, 3000ஐ 314ஆலும் 230இன் வர்க்கத்தாலும் வகுக்க, ஏறத்தாழ 180 மைக்குரோபரட்.

எனினும் முழு மறிவலுவையும் ஈடுசெய்ய முயலுதல் வழக்கமன்று. வலுக்காரணி 0.95 அளவுக்கு வந்தாற் போதுமென நிறுத்துவர். கொள்ளளவி மிகையானால் ஓட்டம் முந்தத் தொடங்கி அழுத்தம் வேண்டாத அளவுக்கு உயரும். மேலும், கொள்ளளவி மின்னை நிறுத்திய பின்னும் ஏற்றத்தைத் தன்னகத்தே வைத்திருப்பது. ஏற்றத்தை வெளியேற்றும் தடை அதனோடு இணைக்கப்படல் வேண்டும். பயிற்சி பெற்ற மின்வினைஞரன்றிப் பிறர் அதனைத் தொடுதல் உயிருக்கே ஆபத்தாகும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. சுவரிலுள்ள மின்செருகியிற் பொருத்தினால் வீட்டு மின்கட்டணம் பாதியாகக் குறையும் என்று கூறிச் சிறு பெட்டிகள் விற்கப்படுவதுண்டு. அவற்றுட் சிலவற்றில் இருப்பது ஒரு சிறு கொள்ளளவியே. வீட்டு மின்மானி பதிவது கிலோவாற்று-மணியை. அதாவது செயல்வலுவின் திரட்சியை. கொள்ளளவி செயல்வலுவைக் குறைப்பதில்லை. வீட்டுக்கம்பியில் வீணாகும் மிகச் சிறிய வெப்பத்தைத் தவிர வேறு இலாபம் அதிலில்லை. மானியின் அண்டையிற் பொருத்தினால் அதுவுமில்லை. பெருந் தொழிற்சாலைகட்கு நிலைமை வேறு. அவற்றிடம் உச்சக் கேள்விக்காகக் கிலோவோற்று-அம்பியர் அடிப்படையிலும் கட்டணம் அறவிடப்படுவதால், வலுக்காரணியைத் திருத்துதல் அங்கு மெய்யாகவே பணத்தை மீதப்படுத்தும். வீட்டுக்காரர் செயல்வலுவையும் தோற்றவலுவையும் வேறுபடுத்தி அறிந்திருப்பாராயின் அப்பெட்டியை வாங்கி ஏமாறார்.

கடலாற் பிரிந்த தீவுகள்

கிணற்றடியிற் கண்ட உண்மை தீவுகளின் அளவிலும் பொருந்துவதைக் காண்பாம். வேலணைத் தீவும் புங்குடுதீவும் கடற்பாதைகளாற் குடாநாட்டோடு இணைந்து, நாட்டின் பொது மின்வலையின் கடைமுனையிற் கிடக்கின்றன. வலையின் கடைமுனையில் இருப்பவர்க்கு மறிவலு தொலைவிலிருந்து வருதல் நன்றன்று. அண்டையிலே கொடுக்கப்படுவதே நன்று.

நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு என்பனவோ அவ்வலையைச் சேராது, டீசற் பிறப்பாக்கிகளைக் கொண்டு தமக்கு வேண்டிய மின்னைப் பெற்று வந்தவை. இம்மூன்று தீவுகளுக்கும் கலப்பு மின்னிலையங்கள் அமைத்தற்கு இந்தியாவும் இலங்கையும் 2022 மார்ச்சிற் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன. இந்திய நன்கொடையாலாகும் அவ்வேலைக்கான ஒப்பந்தம் 2024 மார்ச்சிற் கைச்சாத்தாயிற்று. திட்டத்தின்படி சூரிய வலு 1,700 கிலோவாற்று. காற்று வலு 530 கிலோவாற்று. மின்கலத் தொகுதி 2,400 கிலோவாற்று-மணி. துணை டீசல் 2,500 கிலோவாற்று.

இவ்வெண்களை மாணவர் ஊன்றி நோக்குக. யாவும் செயல்வலுவையும் அதன் திரட்சியையுமே கூறுகின்றன. தீவிலுள்ள குளிர்சாதனப் பெட்டிக்கும் மின்விசிறிக்கும் நீரிறைக்கும் மோட்டாருக்கும் வேண்டிய மறிவலு எங்கிருந்து வரும்? டீசற் பிறப்பாக்கி இயங்கும்போது அதன் காந்தச் சுருளுக்குச் செல்லும் ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்து மறிவலுவை அளவாகப் பெறலாம். டீசலை நிறுத்திச் சூரியனையும் மின்கலத்தையும் நம்பும் வேளையில் அக்கடமை இன்வேட்டர்களைச் சார்கின்றது. நேரோட்டத்தை ஆடலோட்டமாக்கும் அவை, ஓட்டத்தை அழுத்தத்துக்கு முந்தவோ பிந்தவோ செய்யும் வல்லமையுடையன.

இங்கும் அதே முக்கோணந்தான் ஆட்சி செய்கின்றது. 5 கிலோவோற்று-அம்பியர் இன்வேட்டர் ஒன்று 5 கிலோவாற்றுச் செயல்வலுவை வழங்கிக்கொண்டிருந்தால் மறிவலு வழங்க அதனிடம் இடமில்லை. செயல்வலுவை 4 கிலோவாற்றாகக் குறைத்தால் 3 கிலோவார் வழங்க இடமுண்டாகின்றது. ஐந்திலொரு பங்கை விட்டுக்கொடுக்க ஐந்தில் மூன்று பங்கு கிடைப்பது செங்கோண முக்கோணத்தின் கொடையாகும். இன்னுமொன்று. மறிவலு வழங்கச் சூரியன் வேண்டுவதில்லை. சத்தி போய் மீள்வதேயன்றிச் செலவாவதில்லை ஆதலால், அதற்குரிய வகையில் அமைக்கப்பட்ட இன்வேட்டர் இரவிலும் மறிவலு வழங்கவல்லது. அப்போது நேரும் இழப்பு அதனுள்ளே வெப்பமாகும் சிறு அளவே. மாறாக, மோட்டார்களின் அண்டையிற் கொள்ளளவிகள் இருந்தால் இன்வேட்டரின் முழு ஆற்றலும் செயல்வலுவுக்கே கிடைக்கும். தீவுக்கு டீசலைப் படகிற் கொண்டுவருவோர்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

கடலின்கீழ்க் கம்பி போட்டு மின்னைக் கொண்டுசெல்லலாகாதோ எனச் சிலர் வினவுவர். குறுந்தூரத்துக்கு ஆகும். ஆனால் கடலடிக் கம்பி தானே ஒரு நீண்ட கொள்ளளவி. கம்பியின் உட்பகுதியும் வெளியுறையும் இரு தகடுகளாய் நிற்கின்றன. இலண்டனுக்கு டெற்போட் நிலையத்திலிருந்து செபஸ்தியன் பெரன்ரி 10,000 வோற்றுக் கம்பியை இட்டபோது, 1890 அளவிலே, கடைமுனையில் அழுத்தம் குறைவதற்கு மாறாக உயர்ந்ததைக் கண்டனர். அதுவே பெரன்ரி விளைவு எனப் பெயர்பெற்றது. தூரம் மிகுந்தால், கம்பியின் ஆற்றல் முழுவதையும் அதன் சொந்த மறிவலுவே நிரப்பிவிடும். செயல்வலு செல்ல இடமிராது. இதனாலேயே சுவீடன் நாட்டினர் 1954இற் பெருநிலத்திலிருந்து கோத்லாந்துத் தீவுக்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர்த் தூரம் நேரோட்டக் கம்பியை இட்டனர். நேரோட்டத்தில் ஊசலாட்டம் இல்லை. ஆதலால் மறிவலுவும் இல்லை.

குறைவும் மிகையும்

மறிவலுக் குறைந்தால் அழுத்தம் தாழும். மிகுந்தால் அழுத்தம் உயரும். இரண்டும் தீங்கே. 2003 ஆகத்து 14ஆந் திகதி வட அமெரிக்காவில் ஏறத்தாழ ஐந்து கோடி மக்கள் இருளில் மூழ்கினர். அவ்விபத்துக்கான காரணங்கள் பலவற்றுள், ஒகையோ மாநிலத்தின் ஒரு பகுதியில் மறிவலு வழங்கும் ஆற்றல் போதாதிருந்தமையும் ஒன்று. 2025 ஏப்பிரில் 28ஆந் திகதி ஸ்பெயினும் போர்த்துக்கலும் இருண்டபோது நிகழ்ந்தது இதற்கு எதிரானது. அழுத்தம் மிகையாய் உயர, பிறப்பாக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தம்மைத் துண்டித்துக்கொண்டன. செல்வம் மிக்க நாடுகளிலும் இவ்வாறு நேர்ந்ததாயின், சின்னஞ்சிறு தீவொன்றின் மின்னமைப்பை வகுப்போர் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்க.

மாணவர்க்கு ஒரு குறிப்பும் உண்டு. மேலே யாம் வரைந்த முக்கோணம் அழுத்தமும் ஓட்டமும் தூய சைன் வளைகோடாய் இருக்கும்போதே முற்றும் பொருந்தும். இக்கால எல்.ஈ.டி. விளக்குகளும் கணினிகளும் பெறும் ஓட்டம் சிதைந்த வடிவினது. அங்கு வலுக்காரணியைக் கோணத்தின் கோசைனாகக் கொள்ளுதல் பிழையாகும். செயல்வலுவைத் தோற்றவலுவால் வகுத்த பொருளையே கொள்ளல் வேண்டும். ஆய்வுகூடத்தில் வாற்றுமானி, அழுத்தமானி, அம்பியர்மானி மூன்றையும் பழைய குழல்விளக்கு ஒன்றின் சுருளோடு ஆசிரியர் முன்னிலையிற் பொருத்தி அளந்து பார்த்தால், ஒருமணி நேரத்தில் இப்பாடம் முழுவதும் கண்ணெதிரே விளங்கும்.

பழைய மாணவர்க்கு

பிறந்த ஊரை மறவாது கடல்கடந்த நாடுகளிலிருந்து கோயிற் கிணற்றுக்கும் பாடசாலைக் கிணற்றுக்கும் நீரிறைக்கும் இயந்திரம் அன்பளிப்புச் செய்வோர் நம்மிடையே பலர். அவ்வன்பு போற்றற்குரியது. அவர்கள் பணம் அனுப்பும்போது, எத்தனை குதிரைவலு என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடாது, வேறு நான்கு கேள்விகளையும் கேட்பார்களாக. மோட்டாரின் வலுக்காரணி யாது? மின்கம்பத்திலிருந்து கிணற்றடி வரை கம்பியின் நீளமும் பருமனும் எவ்வளவு? மோட்டார் தொடங்கும்போது கடைமுனையில் அழுத்தம் எத்தனை வோற்றுக்குத் தாழ்கின்றது? தக்க கொள்ளளவியும் அழுத்தந் தாழ்ந்தால் நிறுத்தும் காவற்பொறியும் பொருத்தப்பட்டனவா?

இந்நான்கு கேள்விகட்கும் விடை காணவல்ல மாணவர் ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருப்பாராயின், ஓராண்டில் எரிந்துபோகும் இயந்திரம் பல்லாண்டு உழைக்கும். சூத்திரத்தைப் பரீட்சைக்காகக் கற்றோம். அது பரீட்சையோடு முடிந்துவிடலாகாது. சாட்டியின் நன்னீர் தட்டின்றி மேலே வருவதற்கு, வேலை செய்யும் வலுவோடு, வேலை செய்யாது துணைநிற்கும் வலுவும் வேண்டும். பின்னதைத் தொலைவிலிருந்து வருவியாது அண்டையிலேயே கொடுக்க அறிந்திருத்தல், இப்பாடத்தால் ஊர் பெறும் பயனாகும்.